வரைபடத்தில் மட்டும் விளைந்த வயல்

அத்தியாயம் 11

போன வாரம் ட்ரீனாவை விமானக் கொட்டகையில் மூன்று படங்களோடு உட்கார வைத்துவிட்டு வந்தோம். அவள் அங்கேயே இருந்திருக்கலாம். அவளுக்கும் நிம்மதி, இதை எழுதுகிற எனக்கும் நிம்மதி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ட்ரீனா எங்கள் ஹார்டர்வைக் பெண், வெர்லின் ஹுக்ஸ்ட்ராவின் ஒரே மகள். அயோவாவின் இந்த வடமேற்கு மூலையை விட்டுப் படிக்கப் போனவள், இப்போது பல்கலைக்கழகத்தில் ஆகாயத்திலிருந்து பயிரைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். சின்ன விமானம் ஒன்று பறக்கும். அதன் வயிற்றில் இருக்கிற காமிரா, நம் கண்ணுக்கு எட்டாத ஒளியையும் சேர்த்துப் படம் பிடிக்கும். அந்தப் படத்தில் நல்ல மக்காச்சோளம் ரத்தச் சிவப்பாக இருக்கும். வேர் கெட்டது வெளிறிப் போயிருக்கும். சாலையில் போகிறவனுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிகிற நாளிலேயே மேலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த வருஷம் வெளிறிக் கிடந்தது எவர்ட் டென் பாஸின் வயல். வெர்லினுக்குச் சாலையின் எதிர்ப்புறத்து அண்டைக்காரர், நாற்பது வருஷச் சிநேகிதர். மனைவி லவோனைப் பறிகொடுத்துவிட்டு அறுபது கறவை மாடுகளோடு தனியாக இருக்கிறார். அவர் நட்டிருப்பது மரபணு மாற்றிய விதை. வேர்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடி தானே சுரக்கும். அதைத் தின்ற புழு பிழைக்கக் கூடாது. எவர்ட் வயலில் பிழைத்து வண்டாகப் பறக்கிறது.

பழைய படங்களைப் புரட்டியபோதுதான் ட்ரீனாவுக்கு விஷயம் புரிந்தது. போன வருஷம் எவர்ட் வயலின் சாலையோரத்தில் மட்டும் லேசான வெளிறல். அதற்கு முந்தின வருஷம் அவர் வயல் சுத்தம். அந்த வருஷம் வெளிறல் இருந்தது சாலைக்கு இந்தப் பக்கம், அவளுடைய அப்பாவின் வயலில்.

செவ்வாய்க்கிழமை படங்களை அப்பாவிடம் காட்டினாள். மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். "மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்.

இன்று வியாழக்கிழமை.

*

எங்கள் பக்கத்தில் பன்னிரண்டு அடித்தால் சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும். அர்டித், அதாவது ட்ரீனாவின் அம்மா, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்தாள். கேரட் துருவிப் போட்ட ஆரஞ்சு ஜெல்லியையும் வைத்தாள். மகள் வீட்டுக்கு வந்தால் அந்த ஜெல்லி இல்லாமல் இருக்காது. மகளுக்கு அது பிடிக்காது என்று பதினைந்து வருஷமாக யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வெர்லின் எங்கள் தேவாலயச் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர். அவர் ஜெபம் செய்தார். சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"எவர்ட் வயலுக்குப் போறியா?"

"ஆமாப்பா. வேரைத் தோண்டிப் பாக்கணும், வண்டு பிடிக்கணும். மேலேர்ந்து பாத்தது நெசம்தானான்னு கீழ இறங்கிப் பாத்தாதான் எழுத முடியும்."

"என்னன்னு எழுதுவே?"

"பாத்ததை."

"காத்துல வந்துச்சுன்னு எழுது. வண்டுக்கு றெக்கை இருக்கு. எங்கேர்ந்து வந்தேன்னு அது வாய் திறந்து சொல்லப் போகுதா?"

"வண்டு சொல்லாதுப்பா. படம் சொல்லுதே."

"சாப்பிடற இடத்துல வண்டு, புழு!" என்றாள் அர்டித். "ஜெல்லி எடுத்துக்கோ ட்ரீனா."

ட்ரீனா ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள்.

என்ன தப்பு நடந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த விதையை வாங்குகிறவன் நிலம் முழுக்க அதையே நடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கில் நஞ்சில்லாத சாதாரண விதையை நட வேண்டும். அதற்கு அடைக்கல வரிசை என்று பேர். அங்கே புழு தின்னும், பெருகும், சாதுவான வண்டாகப் பறக்கும். நஞ்சையும் தாங்கிப் பிழைத்த முரட்டு வண்டு ஒன்றிரண்டு எங்கேயாவது இருந்தால், அதற்கு இந்தச் சாதுக் கூட்டத்திலிருந்து ஜோடி அமையும். முரடனுக்கு அடக்கமான பெண்ணாகப் பார்த்துக் கட்டிவைப்பதுதான். பிறக்கிற குஞ்சுகள் பழையபடி நஞ்சுக்குச் சாகும். அடைக்கல வரிசை இல்லாவிட்டால் முரடும் முரடும் கூடும். அப்புறம் எந்த விதைக்கும் அடங்காது.

வரிசையை எங்கே நட்டோம் என்று விதைக்காரருக்கு ஒவ்வொரு வருஷமும் வரைபடம் வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வெர்லினுக்குக் கம்ப்யூட்டர் என்றால் அலர்ஜி. ட்ரீனாவுக்கு அப்போது பதினாறு வயது. இதே மேசையில் உட்கார்ந்து, அப்பா விரலால் காட்டிய இடத்தில் பச்சைக் கட்டங்களை வரைந்தாள். அழகாக வரைந்தாள். வரைபடங்களின் மேல் அவளுக்கு ஆசை வந்ததே அன்றுதான்.

அந்த வசந்தத்தில் மழை துரத்தியது. நடும் இயந்திரத்தை நிறுத்தி, இருபத்துநான்கு பெட்டிகளையும் காலி செய்து, விதை மாற்றி நட அரை நாள் போகும். வெர்லின் மாற்றவில்லை. சாதா விதைப் பைகள் வாய் பிரிக்காமல் கொட்டகையில் கிடந்ததை அறுவடைக்கு முன்னால் ட்ரீனா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் வரைந்தாள். கல்லூரி விடுதியிலிருந்துகூட வரைந்து அனுப்பினாள். மொத்தம் ஏழு வருஷம்.

"எல்லாரும் செஞ்சதுதான்" என்றார் வெர்லின்.

"எவர்ட் மாமா செய்யல."

"அவருக்கு நூத்திருவது ஏக்கர். எனக்கு அறுநூறு. அவர் காபி குடிச்சுக்கிட்டே நட்டு முடிச்சிடுவார்."

"ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம பயிர் சாஞ்சுச்சே, அப்பவே உங்களுக்குத் தெரியும் இல்லப்பா?"

வெர்லின் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அடுத்த வருஷமே சோயா போட்டேன். தின்ன வேர் இல்லைன்னா புழு செத்துடும்னு நெனச்சேன்."

"நம்ம நிலத்துல செத்துச்சு. வண்டு அதுக்குள்ள சாலையைத் தாண்டிடுச்சு. அன்னைக்கே மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரும் சோயா மாத்தியிருப்பார். அத்தோட முடிஞ்சிருக்கும்."

"தெரியும்."

அவர் அப்படி ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சண்டை போடத் தயாராக வந்தவளுக்குச் சண்டையே கிடைக்காமல் போனது. தொப்பி மறைக்கிற இடம் வெளுப்பும் மற்றதெல்லாம் செம்பழுப்புமாக இருந்த அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"அறிக்கையில வயல் நம்பர்தானே போடுவே? பேர் போடமாட்டீங்களே?"

"போடமாட்டோம்."

"நம்பரைப் போட்டுக்கோ. எவர்ட்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதேம்மா. இந்த ஒண்ணுதான் கேக்கறேன். உன்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல."

"கேட்டிருக்கீங்கப்பா. ஏழு தடவை. நானும் வரைஞ்சு குடுத்தேன்."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். சாப்பாடு முடிந்ததும் வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பது அந்த வீட்டு வழக்கம். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து அர்டித் அவர் முன்னால் வைத்தாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை" என்றாள் அர்டித். புத்தகத்தை அவளே எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு ஒரு டப்பாவில் பாதாம் கேக் நாலைந்து அடுக்கி மகளிடம் கொடுத்தாள். "எவர்ட்டுக்குக் குடு. ஒழுங்கா சாப்பிடறாரோ என்னவோ."

"அப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"நேத்து சபையில மூப்பர் கூட்டம். அங்கேர்ந்து வந்ததுலேர்ந்து இப்படித்தான். ராத்திரி தூங்கவே இல்ல."

"என்ன நடந்துச்சாம்?"

"மூப்பருங்க உள்ள பேசினதைப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? நான் கேக்கல." மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தாள். "அந்த விதைப் பையைப் பத்திக்கூட நான் கேட்டதில்ல" என்றாள்.

எங்கள் ஊரில் பொய் சொல்கிறவர்கள் குறைவு. கேட்காமல் இருப்பவர்கள் வீட்டுக்கு ஒருவர்.

*

"வாம்மா, ஆகாசத்துப் பொண்ணே! மேலேர்ந்து பாத்தப்போ என் வழுக்கை எப்படித் தெரிஞ்சுது? செவப்பாவா, வெளிறலாவா?"

எவர்ட் வயலோரத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

"தொப்பி போட்டிருந்தீங்க மாமா."

"தப்பிச்சேன்."

சிரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மக்காச்சோளம் சாய்ந்து கிடந்தது. வேர் போன செடி விழுந்து, மறுபடி எழ முயன்று, வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து நின்றது. வயலின் பாதிக்கு மேல் அப்படித்தான். வழக்கமாக இது குளிர்காலத்துக்கு மாட்டுத் தீவனமாகப் போகும். இப்படி ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடப்பதை எந்த வெட்டும் இயந்திரமும் சரியாக வாரி எடுக்காது.

ட்ரீனா ஒரு இலையைக் கிள்ளிச் சின்னக் குழாயில் நசுக்கி, ஒரு சோதனைக் காகிதப் பட்டையை அதில் நட்டாள். எவர்ட் குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா, பிள்ளை உண்டாயிருக்கான்னு பாக்கற மாதிரி இருக்கு?"

"கிட்டத்தட்ட அதுதான். ரெண்டு கோடு வந்தா செடியில நஞ்சு இருக்குன்னு அர்த்தம்."

இரண்டு கோடு வந்தது. விதையில் குறையில்லை. மண்வெட்டியால் செடியைக் கெல்லி எடுத்து வாளித் தண்ணீரில் வேரை அலசினாள். மூன்று அடுக்காகக் கீழே இறங்க வேண்டிய வேர், தேய்ந்த பல் பிரஷ் மாதிரி இருந்தது. கதிர்களின் பட்டு நூலில் மஞ்சள் வண்டுகள் மொய்த்தன. உலுக்கினால் புனலுக்குள் உதிர்ந்தன. சோதனைக் கூடத்துக்கு முந்நூறு வேண்டும். கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அத்தனை சுலபமாகக் கிடைத்ததே அவளுக்கு வேதனையாக இருந்தது.

"உனக்கு எதுக்கும்மா இவ்வளவு சிரமம்?" என்றார் எவர்ட். "எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியும்."

அவள் கை நின்றது. "எங்கேர்ந்து?"

"என்கிட்டேர்ந்துதான்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "லவோன் ஆஸ்பத்திரியில இருந்த வசந்தம் ஞாபகம் இருக்கா? காலையில நடுவேன், மத்தியானம் அவகிட்ட போவேன். அந்த வருஷம் அடைக்கல வரிசை போடல. மனசு எங்கேயோ இருந்துச்சு, எல்லாப் பெட்டியிலயும் ஒரே விதையைக் கொட்டிட்டேன். ஒரே ஒரு வருஷம்தான். ஆனா போடலைன்னா போடலதானே?"

"மாமா..."

"இரு, முடிச்சிடறேன். என் வண்டு என்னோட நிக்கலையே. ரெண்டு வருஷம் முன்னாடி உங்கப்பா பயிர் சாஞ்சது எனக்குத் தெரியும். சாலையிலேர்ந்து பாத்தேன். மனுஷன் ஒரு வார்த்தை குறை சொல்லல. பேசாம சோயாவுக்கு மாறிட்டார். என்னாலதானே? நெஞ்சுல முள்ளு மாதிரி இருந்துச்சு. நேத்து மூப்பர் கூட்டத்துக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

ட்ரீனா புனலைக் கீழே வைத்தாள். "எங்க அப்பா இருந்தாரா?"

"இருந்தாரே. அவர்கிட்டதான் முதல்ல மன்னிப்புக் கேட்டேன். வெர்லின், என்னால உன் நிலம் கெட்டுச்சுன்னேன். அவர் எழுந்து வந்து என் தோள்ல கை வச்சு ஜெபம் பண்ணினார். கை நடுங்குச்சும்மா. அப்படி ஒரு மனுஷன் கிடைக்கமாட்டார்."

காற்று அடித்தது. சாய்ந்த செடிகள் ஒன்றோடொன்று உரசின.

"திங்கக்கிழமை வண்டி வருது" என்றார் எவர்ட். "மாட்டை அனுப்பிடறேன். தீவனமும் இல்ல. ஊர் நிலத்தையே கெடுத்தவன் இங்க உக்காந்து மாடு மேய்க்கறதும் சரியா படல. மினசோட்டாவுல தங்கச்சி வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

ட்ரீனா வண்டுக் குழாய்களை மூடி வண்டியில் வைத்தாள். அப்பா கேட்ட ஒன்றே ஒன்று அவளுக்கு மறக்கவில்லை. வாயைத் திறக்காமல் புறப்பட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அறிக்கையில் ஒரு எண் இருக்கும். சபையில் அப்பாவின் இடம் அப்படியே இருக்கும். எவர்ட் மட்டும் செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்வார். பதினாறு வயதில் கொட்டகையில் அந்தப் பைகளைப் பார்த்தபோது ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த மனிதரின் மாடுகள் எங்கும் போகவேண்டியிருக்காது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்புத் தாங்க முடியவில்லை.

உறையிலிருந்து அந்த மூன்று படங்களையும், அதற்கு முந்தின வருஷங்களின் படங்களையும் எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் வரிசையாகப் பரப்பினாள். காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"மாமா, இங்க வந்து பாருங்க. இது உங்க வயல். மேற்கு ஓரத்துல லேசா மங்கலா ஒரு பட்டை தெரியுதா? அதுதான் உங்க அடைக்கல வரிசை. அங்க புழு தின்னும், அதனால மங்கல். இது அடுத்த வருஷம். இது அதுக்கடுத்த வருஷம். எல்லாத்துலயும் இருக்கு. லவோன் அத்தை படுத்திருந்த ஒரு வருஷம் மட்டும் இல்ல. அந்த வருஷமும் சரி, அப்புறம் அஞ்சு வருஷமும் சரி, உங்க பயிர் ரத்தச் சிவப்பா இருக்கு. உங்களால ஒண்ணும் ஆகல."

எவர்ட் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலை ஒவ்வொரு படமாக நகர்த்தினார். ரொம்ப நேரம் பார்த்தார். விரல் தானாகவே சாலையைத் தாண்டியது.

"இந்தப் பக்கத்துல பட்டையே காணுமே."

"ஆமா மாமா."

"எந்த வருஷமும் காணுமே."

"ஆமா."

"ஆனா வெர்லின் வருஷா வருஷம் வரைபடம் குடுப்பாரே? விதைக்காரர் எல்லார்கிட்டயும் காட்டிப் புகழுவார். ஹுக்ஸ்ட்ரா மாதிரி சுத்தமா வரைஞ்சு குடுங்கடான்னுவார்."

"அதை வரைஞ்சது நான்தான். ஏழு வருஷம். அந்த இடத்துல அவர் எதுவும் நடல, எனக்கும் அது தெரியும். வண்டு இங்கேர்ந்து அங்க போகல மாமா. அங்கேர்ந்து இங்க வந்துச்சு."

அவள் அழுதாள். பெரியவள், படித்தவள், அறிக்கை எழுதுகிறவள், புழுதிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். எவர்ட் அவளைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறைக்குள் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார். "இந்தப் படத்தை உங்கப்பா பாத்துட்டாரா?"

"பாத்துட்டார்."

"எப்போ?"

'இன்னிக்குத்தான்' என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை, அப்பாவுக்குக் கொஞ்சம் நிழல் கிடைக்கும். மேசையில் உட்கார்ந்து ஏழு தடவை கோடு இழுத்த கைக்கு இதுவா பெரிய வேலை?

"செவ்வாய்க்கிழமை" என்றாள்.

எவர்ட் தலையாட்டினார். கூட்டம் நடந்தது புதன்கிழமை. அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். தொழுவத்திலிருந்து மாடுகள் குரல் கொடுத்தன, கறவை நேரமாகியிருந்தது. அந்தப் பக்கமாக நாலு அடி நடந்தவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"ஞாயித்துக்கிழமை சபையில திருவிருந்து. மனசுல பகை வச்சுக்கிட்டு அந்த அப்பத்தைத் தொடக் கூடாதுன்னு உனக்கே தெரியும். எங்க வரிசைக்கு அப்பத் தட்டைக் கொண்டு வர்றது உங்கப்பாதான். நான் கையை நீட்டணுமா வேண்டாமான்னு, அதுக்கு முன்னாடி அவரையே வந்து சொல்லச் சொல்லு."